இது அவ கை இல்ல

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போன வாரம் போனில் நீ கோபித்துக்கொண்டாய். "அப்பா ஏன் என்கூடப் பேச மாட்டேங்கறார்? எப்பக் கூப்பிட்டாலும் குளிக்கறார், தூங்கறார்னு சொல்ற. ஒரு மனுஷன் எவ்வளவுதான் குளிப்பார்?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எதையும் சொல்ல முடியாது, என் புருவம் அசைந்தாலே கண்டுபிடித்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, லென்ஸ் துடைக்கும் மேஜையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

நெஞ்சில் கட்டி என்பதும் அதற்கு ஊசி மருந்து ஏற்றுகிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அந்த மருந்து காதைத் தின்னும் என்று டாக்டரம்மா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வேறு மருந்தும் இருக்கிறது, ஆனால் அது இவ்வளவு வேகமாகக் கட்டியைப் பிடிக்காது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "வேகமானதையே போடுங்க" என்று சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. "அவ கச்சேரி கச்சேரியா அலைஞ்சிட்டிருக்கா. இதைச் சொல்லி அவ கையை நடுங்க வைக்காதே" என்றார்.

முதலில் சின்னச் சின்னச் சத்தங்கள் போயின. கெட்டில் கூவுவது, கதவு மணி, ஜன்னலுக்கு வெளியே குருவி. ஒருநாள், "பக்கத்து வீட்டுக் குழந்தை ரொம்பச் சமத்தாயிடுச்சு போல" என்றார். அது அப்போது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பிறகு என் குரல் போயிற்று. இத்தனை வருஷம் நான் கத்தியது எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், இப்போது, "ஏதாவது பேசேன். நீ வாயசைக்கறதப் பாத்தா மீன் தொட்டி முன்னாடி உக்காந்த மாதிரி இருக்கு" என்கிறார். ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். அதில் எழுதிக் காட்டித்தான் குடித்தனம் நடக்கிறது. சண்டை போடுவதுதான் சிரமம். எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போய்விடுகிறது.

மருந்து மேல் சத்தத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வருமாம். கீச்சுச் சத்தம் எல்லாம் முதலில் போகும், கட்டைச் சத்தம் கடைசியில் போகும், ஒருவேளை போகாமலும் நிற்கலாம் என்று டாக்டரம்மா காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். "கீழ இருக்கறது போதும் டாக்டர். நான் அங்கதான் குடியிருக்கேன்" என்றார் அப்பா. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரியும்.

அன்றிலிருந்து அவருடைய நாலு பேர்தான் அவருக்குத் துணை. வேலைக்குத்தான் போக முடியவில்லையே. காலையில் எழுந்ததும் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிலோரம் இழுத்து வைத்துக்கொள்கிறார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். உனக்கே தெரியும், உலகத்தில் ஆயிரம் பேஸ் கிட்டார்காரர்கள் இருந்தாலும் அவருக்கு நாலு பேர்தான். அவர்களுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. நம் வீட்டில் அவர்கள் சோம்பேறி, கொல்லன், பெரியம்மா, வாயாடி.

நான் அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்டதே இல்லை. ராக் பாட்டு என்றால் எனக்கு ஒரே இரைச்சல். அதற்குள் எது பேஸ் என்று கல்யாணமான புதிதில் கேட்டதற்கு அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "லிஃப்ட்ல போறவங்க கண்ணாடியப் பாப்பாங்க, பட்டனப் பாப்பாங்க. நாம மேல போகும்போது அந்தப் பக்கம் ஒரு எடை கீழ இறங்குதே, அத எவனும் பாக்கறதில்ல. அது இல்லன்னா லிஃப்டே இல்ல. பேஸ் அதுதான்" என்றார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் சங்கீதமும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பாட்டில் பாடுகிறவர் குரல் அவருக்குக் கேட்பதில்லை. கிட்டாரும் இல்லை. டிரம்ஸில் பெரிய அடி மட்டும் வருகிறதாம். ஆனால் அந்த நாலு பேரும் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார்களாம். "விருந்துக்கு வந்த கூட்டமெல்லாம் போனப்புறம் சமையல்காரங்க மட்டும் உக்காந்து பேசிட்டிருப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். சோம்பேறி ஒரு பாட்டு முழுக்க மூன்று நாலு சுரத்துக்கு மேல் வாசிக்க மாட்டானாம், ஆனால் அவனை எடுத்துவிட்டால் பாட்டு பொலபொலவென்று உதிர்ந்துவிடுமாம். கொல்லன் விரலால் தொடுவதே இல்லை, தகட்டை வைத்து அடிக்கிற அடியில் கம்பி இரும்பாகவே பேசுமாம். பெரியம்மா அடுத்தவர்கள் ஆல்பத்துக்கெல்லாம் வாசித்துக் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளாம். ஜனங்கள் முணுமுணுக்கிற மெட்டு பாடகனுடையது என்று நினைப்பார்களாம், அது அவள் அடியில் போட்டுக் கொடுத்ததாம். வாயாடி மட்டும் அவருக்குப் பாதிதான் கிடைக்கிறான். அவன் பேசிக்கொண்டே மேல் கம்பிக்கு ஏறிவிடுவானாம், ஏறினால் ஆளைக் காணோம். "பாதிப் பேச்சுல எழுந்து போயிடறான்" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இந்த நாலு பேருக்கு அடுத்து உன்னை அவர் அஞ்சாம் நம்பர் என்று சொல்வது வேடிக்கைக்கு என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். வேடிக்கை இல்லை. அவர்கூட லிஃப்ட் வேலை பார்க்கிற கிரீஸ் மாமா வந்திருந்தபோது அவரிடம் சொன்னார், "மத்தவங்க எல்லாம் வாசிக்கறதுல பெரிய ஆளு. என் பொண்ணு நிறுத்தறதுல பெரிய ஆளு. டிரம்ஸ் அடிச்சு முடிக்கட்டும்னு இருப்பா, அப்புறமா வந்து ஒண்ண வைப்பா. வெச்சத எடுத்துடுவா. அந்த வெறும் இடத்துலதான் பாட்டே நிக்கும்." பாவம் கிரீஸ் மாமா, லிஃப்ட் ஷாஃப்டுக்குள் கத்திப் பழகிய குரலில், "ஆமாமா!" என்று கத்தினார். அப்பாவுக்கு அதுவும் கேட்கவில்லை.

இனிதான் எழுதக் கை தயங்குகிறது. உன் புது ஆல்பம் வந்தது. அட்டையில் உன் பெயரைத் தடவிப் பார்த்தார். சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு (எந்தத் தலையை என்று கேட்காதே) உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிந்தது. மறுபடி போட்டார். மறுபடியும். பிறகு பெட்டியை நிறுத்திவிட்டு, "இது அவ கை இல்ல" என்றார்.

அட்டையைக் காட்டினேன். "பேரு அவளுது. கை அவளுது இல்ல. இவன் எல்லா இடத்தையும் ரொப்பறான்" என்றார். அன்று சாப்பிடவில்லை. அதன்பின்னும் ஏதோ எனக்காக இரண்டு வாய். "அவளுக்கு என்னமோ ஆயிருக்கு" என்று ஒரே பேச்சு.

மருந்து செய்கிற வேலை என்று டாக்டரம்மா சொல்கிறார். கேட்பது மாறித் தெரியுமாம். நீயும் ஒரு வரி எழுதிவிடு கண்ணு. நான்தான் வாசித்தேன் என்று எழுது. அதை அவரிடம் காட்டுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

•

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அப்பாவின் குரல் அதில் அப்படியே இருக்கிறது. அவர் குளிப்பதாக நீ சொன்னதற்கெல்லாம் நான் எரிந்து விழுந்தேனே, அதை நினைத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்மா, அவர் கேட்டது சரி. அது என் கை இல்லை.

போன குளிர்காலத்திலிருந்து என் இடது கையில் கடைசி இரண்டு விரலும் சொன்னபடி கேட்பதில்லை. தட்டு கழுவும்போது ஒன்றுமில்லை. பொத்தான் போடும்போது, முடி பின்னும்போது ஒன்றுமில்லை. கம்பியில் வைத்தால் மட்டும் சுருண்டு உள்ளங்கைக்குள் போய்விடுகின்றன. நிறைய டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். கையில் கோளாறே இல்லையாம். மூளை அந்த இரண்டு விரலையும் ஒரே விரலாக எண்ணத் தொடங்கிவிட்டதாம். வாசித்து வாசித்து வந்த வினை. வாசிக்கிறவர்களுக்குத்தான் வருமாம். சரியாகுமா என்று கேட்டால், ஓய்வு கொடுங்கள் என்கிறார்கள். கொடுத்துப் பார்த்தேன். மறுபடி எடுத்தபோது முன்னைவிட இறுக்கமாகச் சுருண்டது.

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பாடகர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஒலிப்பதிவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, இந்த ஒரு தடவை கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார். வந்த பையன் கெட்டிக்காரன். என்னைவிடச் சுத்தமாக வாசிக்கிறான். அவனுக்கு என் பாட்டுகளை எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இந்த இடத்துல ஒண்ணும் வாசிக்காத, விட்டுடு" என்றேன். "விட்டா தப்பு பண்ணிட்ட மாதிரி கேக்குதே அக்கா" என்று சொல்லி அதையும் நிரப்பினான். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. "யாருக்கும் வித்தியாசமே தெரியாது. உன் பேரே இருக்கட்டும்" என்று பாடகர் சொன்னார். இரக்கத்தில்தான் சொன்னார். யாருக்கும் தெரியவும் இல்லை. ரசிகர்கள் எழுதுகிறார்கள், பேஸ் இந்தத் தடவை பிரமாதம் என்று. பாதிக் காது போன ஒருத்தருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். அதற்கு இந்த விரல்கள் போதும். அறையில் பேஸ் கிட்டாரைப் பையிலிருந்து எடுப்பதில்லை. வேறு யாராவது வாசித்தால் கேட்கவும் முடியவில்லை. பெரியம்மாவைப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். இந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாதே அம்மா. எனக்கும் வேறு எதுவும் தெரியாது. காலையில் எழுந்ததும் ஒரு நிமிஷம் மறந்திருக்கிறேன். அப்புறம் நினைவு வந்துவிடுகிறது.

இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ எழுதியபடியே, காதுதான் ஏமாற்றுகிறது என்று சொல். காது போவதற்கு அவர் தயாராகிவிட்டார். என் கை போனதற்கு எப்படித் தயாராவார்? நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. வந்தால் கிட்டாரை எடுத்து மடியில் வைப்பார். அப்புறம் நான் என்ன செய்வேன்?

தனியாக ஒரு தாளில், நான்தான் வாசித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். காட்டிவிடு.

உன் மகள்

•

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் வலது இடது மாற்றிப் பொருத்திவிட்டேன். அவர் கதவில் இடித்துக்கொண்டார். முதலாளி, "உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். வீட்டுக்குப் போகத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ சொன்னபடி செய்தேன். தாளைக் காட்டினேன். பலகையிலும் என் கையால், "அவதான் வாசிச்சிருக்கா. மருந்துதான் மாத்திக் காட்டுது" என்று எழுதினேன். அப்பா இரண்டையும் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தேன். "அப்ப இதுவும் போச்சு" என்றார். சட்டைக் கையால் பலகையை அவரே துடைத்தார்.

சந்தோஷப்படுவார் என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோம். உனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் சாப்பிடுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டார். கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டார், மறுபேச்சு இல்லாமல். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அதன்மேல் ஒரு துண்டு. சோம்பேறி வேண்டாம், கொல்லன் வேண்டாம், ஒருவரும் வேண்டாம். ஏன் என்று எழுதிக் கேட்டேன். "என் பொண்ணையே வேற யாரோன்னு சொன்ன காது இது. இதுல இனிமே எதக் கேட்டு என்ன பண்றது?" என்றார். கிரீஸ் மாமா வந்தபோது, பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர் தூக்குகிற மாதிரி குனிந்துவிட்டு, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று பொய் சொல்லி விட்டுவிட்டுப் போனார்.

இப்படியே பல வாரம் போயிற்று. ஊசிக்குப் போனோம், வந்தோம். வண்டியில் பார்சலை ஏற்றி இறக்குவது போல அவரை ஏற்றி இறக்கினேன். ஒரு ஆள் உயிரோடு இருக்கும்போதே வீடு காலியாகிவிடுமா? ஆகிவிட்டது கண்ணு. மத்தியானம் கடையிலிருந்து வந்தால், நான் காலையில் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். திருப்பி வைத்த பெட்டியின் முதுகைப் பார்த்தபடி.

போன வாரம் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல செய்தி சொல்கிறவர்கள் அப்படி மெதுவாகச் சொல்வதில்லை. அப்பா என்னிடம் விவரம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "காதையும் குடுத்தாச்சு, அதுக்கும் ஒண்ணும் கிடைக்கல. சரிதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நீ கேட்டுக்கொண்டதை மீறிவிட்டேன். பலகையை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். இடம் போதாமல் துடைத்துத் துடைத்து எழுதினேன். நீங்க கேட்டது சரி. அது அவ கை இல்ல. உங்க காது ஏமாத்தல, நாங்கதான் ஏமாத்தினோம்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் தலையை நிமிர்த்தி, "எந்த விரல்?" என்று கேட்டார்.

இடது கை, கடைசி ரெண்டு என்று எழுதினேன். தன் இடது கையை எடுத்து, அந்த இரண்டு விரலையும் வலது கையால் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் அப்படி அழுததில்லை. தன் நோய்க்கு ஒரு சொட்டு விடாத மனுஷன். "குழந்தை தனியா உக்காந்திருக்கும் அங்க. சொல்லிக்க ஒரு ஆள் இல்லாம" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவராகவே பெட்டியைத் திருப்பச் சொன்னார். உன் முதல் ஆல்பத்தைப் போடச் சொன்னார். உன் சொந்தக் கையால் வாசித்தது. உள்ளங்கையைக்கூடப் பெட்டியில் வைக்கவில்லை, கையைத் தூக்கி வைத்தால் நிற்பதில்லை. சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முட்டியில் ஒரு விரல் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். உண்மையைச் சொன்னது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

அப்போது கரண்ட் போய்விட்டது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து, பாட்டு நின்றது. சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் விரல் நிற்கவில்லை. தலை ஆடிக்கொண்டிருந்தது. நான் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் சோதனைக்கு மாட்டியிருக்கும் எழுத்து அட்டை தெரியாமலே மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நம்மை ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை, நாம் வருத்தப்படக் கூடாது என்று செய்வார்கள். அவர் கேட்காமல் இருந்த அந்த வாரங்களிலேயே கீழ்ச் சத்தமும் போயிருக்க வேண்டும். எப்போது போயிற்று என்று அவருக்கும் தெரியாது. நாம் சொன்ன பொய் அவருக்குக் கடைசியாக மிச்சமிருந்ததைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது.

கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இதுதான் அவ கை. எப்படி நிறுத்தறா பாத்தியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

இதை உன்னிடம் சொல்லாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன். இந்த வீட்டில் மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீயும் என்மேல் வைத்துக்கொள்ளாதே. அவருக்கு நல்லது என்று நாம் இரண்டு பேரும் நினைத்ததைத்தான் செய்தோம்.

நீ புறப்பட்டு வா. அவர் வரச்சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கிட்டாரை உன் மடியில் வைக்கமாட்டார், பயப்படாதே. என்ன பேசுவது என்றும் யோசிக்காதே, பேச்சுக்கு இங்கே வேலையில்லை. கிடங்கில் லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. கம்பளி உடுப்பு எடுத்துக்கொள், இங்கே குளிர் தொடங்கிவிட்டது. திரும்பிப் போவதற்கு இப்போதே டிக்கெட் எடுக்காதே.

கடையில் பகலெல்லாம் கதவு திறக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன். வீட்டில் அவர் பார்க்கிறார். அவருக்கு மணிச் சத்தம் கேட்காது என்பதால் நாற்காலியை வாசலுக்கு நேராகப் போடச் சொல்லியிருக்கிறார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் எந்தக் கையோடு இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா கண்ணு.

உன்
அம்மா